ஒரே கச்சேரி இரண்டு முறை நடப்பதில்லை

2017 ஜூலை 21 முதல் ஆகஸ்ட் 6 வரை, நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஃபிஷ் என்ற ராக் குழு 13 இரவுகள் வாசித்தது. மொத்தம் 237 பாடல்கள். ஒரு பாடலைக்கூட அவர்கள் இரண்டாவது முறை தொடவில்லை. ஒவ்வொரு இரவுக்கும் ஒரு டோனட் வகையின் பெயர் வைத்திருந்தார்கள். ஜாம் வைத்த டோனட்டின் இரவில், வழக்கமாக மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும் 'லான் பாய்' என்ற சின்னப் பாட்டை எடுத்து ஏறக்குறைய அரை மணி நேரம் விரித்தார்கள். எத்தனையோ வருடங்களாக அந்தப் பாட்டைக் கேட்டுவந்த ரசிகர்கள் அன்றுதான் அதை முதன்முதலாகக் கேட்பதுபோல் நின்றார்கள்.

அமெரிக்க ஹிட் பட்டியலில் முதல் 40 இடங்களுக்குள் ஒருமுறைகூட வராத குழு அது. நம் ஊரில் மேற்கத்திய இசை கேட்கும் இளைஞர்களில் பலருக்கும் அதன் பெயர் தெரியாது. அமெரிக்காவிலோ அவர்களுக்காக வேலைக்கு லீவு போட்டு, காரில் மாநிலம் மாநிலமாகப் பின்தொடர்கிற கூட்டம் இருக்கிறது. மேடையில் அந்தக் கணத்தில் தோன்றியபடி கூடி வாசிப்பதற்கு ஜாம் என்று பெயர்; இந்த வகைக் குழுக்களை ஜாம் பேண்ட் என்கிறார்கள். இவர்களின் இசையும் ரசிகர்களும் ஒன்றைவிட்டு ஒன்று நிற்க முடியாதபடி பின்னிக் கிடப்பதால், இசையைச் சொல்லிவிட்டு ரசிகர்களைச் சொல்லாமல் விட முடியாது.

எல்லாம் கிரேட்ஃபுல் டெட் குழுவிடமிருந்து தொடங்குகிறது. 1965இல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோ பகுதியில் உருவான குழு. கிட்டாரில் ஜெரி கார்சியா, பாப் வியர். ஆர்கனில் பிக்பென் என்று அழைக்கப்பட்ட ரான் மெக்கெர்னன். டிரம்ஸில் பில் குரூட்ஸ்மன். பாஸ் கிட்டாருக்கு வந்த ஃபில் லெஷ், அதற்கு முன் அந்த வாத்தியத்தை வாசித்தவரே இல்லை. டிரம்பெட் பழகியவர், நவீன மேற்கத்திய செவ்விசையில் இசையமைப்பு படித்தவர். பாஸ் என்றால் அடித்தளமாகத் தாளத்தோடு நகர வேண்டும் என்ற பழக்கம் அவர் கையில் இல்லை. மற்றவர்கள் வாசிப்பதற்கு எதிர்க்குரலாகத் தனி மெட்டுகளையே பாஸில் வாசித்தார். வியரோ, ஜாஸ் மேதை ஜான் கோல்ட்ரேனின் குழுவில் மெக்காய் டைனர் பியானோ வாசித்த விதத்தைக் கேட்டுக் கேட்டு, அதைத் தன் கிட்டாருக்குக் கொண்டுவந்தார். இப்படிப்பட்டவர்கள் ஒரே மேடையில் நின்றால் வழக்கமான ராக் எங்கிருந்து வரும்?

'டார்க் ஸ்டார்' என்ற பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1968இல் சிங்கிள் இசைத்தட்டாக வந்தபோது அது மூன்று நிமிடம்கூட இல்லை, விற்கவும் இல்லை. 1969இல் வெளியான 'லைவ் டெட்' ஆல்பத்தில் அதே பாட்டு 23 நிமிடம். சரணங்கள் இரண்டே. மீதி முழுவதும், அடுத்த நொடி எங்கே போகிறோம் என்று தெரியாமல் ஒருவர் வாசிப்பதை மற்றவர் காதில் வாங்கிக்கொண்டு நகர்கிற பயணம். கார்சியா ஒரு சின்னச் சொற்றொடரை வாசித்து நிறுத்துகிறார். லெஷ் அதைப் பிடித்துக் கீழே இழுக்கிறார். தாளம் மெல்லக் கரைந்து, சில நிமிடங்கள் வெறும் ஒலிகளாக மிதந்து, பிறகு எப்போது சேர்ந்தது என்று கண்டுபிடிக்க முடியாதபடி எல்லோரும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள்.

கச்சேரியில் பல்லவியை எடுத்து நிரவலும் ஸ்வரமும் பாடுவதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த மனோதர்மம் அந்நியமாக இருக்காது. வித்தியாசம் ஒன்று உண்டு. நம் மேடையில் நடுவே ஒருவர் அமர்ந்திருப்பார். பக்கவாத்தியங்கள் அவரை ஒட்டியே வரும், அல்லது அவர் இடம் கொடுக்கும்போது தனியாக வாசிக்கும். நல்ல ஜாமில் யாரும் யாருக்கும் பக்கவாத்தியம் இல்லை. ஐந்தாறு பேரும் ஒரே நேரத்தில் கற்பனை செய்கிறார்கள். அதனால்தான் அது தவறிப்போவதும் அடிக்கடி நடக்கிறது. பத்து நிமிடம் எங்கும் போகாமல் சுற்றிச் சுற்றி வந்து சலிப்பூட்டிய இரவுகள் டெட் குழுவுக்கும் உண்டு, ஃபிஷ்ஷுக்கும் உண்டு. ரசிகர்கள் அதை மறைப்பதில்லை. எந்த இரவு அமையும் என்று முன்கூட்டியே தெரியாததால்தான் அவர்கள் எல்லா இரவும் போகிறார்கள்.

நம்மோடு நேரடித் தொடர்பும் இந்த வரலாற்றில் இருக்கிறது. 1967இல் டெட் குழுவில் இரண்டாவது டிரம்ஸ் கலைஞராகச் சேர்ந்த மிக்கி ஹார்ட், அதே ஆண்டு தபலா மேதை அல்லா ரக்காவைச் சந்தித்தார். அந்தச் சந்திப்பின் தாக்கத்தில்தான் அவர் குழுவை ஒற்றைப்படைக் கணக்குகளுக்குள் இழுத்தார். 11 எண்ணிக்கையில் ஓடும் 'தி லெவன்' அந்தக் காலத்துப் பாட்டு. அல்லா ரக்காவின் மகன் ஜாகிர் உசேன் கலிஃபோர்னியாவில் குடியேறிய பிறகு, அவரும் ஹார்ட்டும் சேர்ந்து 1976இல் 'டிகா ரிதம் பேண்ட்' ஆல்பத்தைக் கொண்டுவந்தார்கள். பிறகு 1991இல் ஹார்ட்டின் 'பிளானட் டிரம்' வந்தது. அதில் நைஜீரிய, பிரேசில் தாளக் கலைஞர்களோடு கடம் வாசித்தவர் நம் விக்கு விநாயக்ராம். சிறந்த உலக இசை ஆல்பத்துக்கென கிராமி விருது முதன்முதலாக ஏற்படுத்தப்பட்டபோது, அதை வென்றது இந்த ஆல்பம்தான்.

இனி ரசிகர்கள். 1971இல் வெளியான ஒரு டெட் ஆல்பத்தின் உறையில், ரசிகர்களே நீங்கள் யார், எங்கே இருக்கிறீர்கள், முகவரியை அனுப்புங்கள் என்று ஓர் அழைப்பு அச்சாகியிருந்தது. கடிதங்கள் குவிந்தன. டெட்ஹெட் என்ற ரசிகர் கூட்டம் தன்னைத்தானே அடையாளம் கண்டுகொண்டது அப்போதுதான். 1983 முதல் குழுவே தபால் மூலம் டிக்கெட் விற்கத் தொடங்கியது. டிக்கெட் கேட்டு அனுப்பும் உறையின் மேல் ரசிகர்கள் ரோஜாக்களும் எலும்புக்கூடுகளுமாக வண்ண ஓவியங்கள் தீட்டி அனுப்பினார்கள். குழுவின் ஆவணங்களைப் பாதுகாக்கும் சாண்டா குரூஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் அந்த உறைகளை இன்றும் பார்க்கலாம்.

கச்சேரி அரங்கின் கார் நிறுத்துமிடம் ஒரு சந்தையாகிவிடும். 'ஷேக்டவுன் ஸ்ட்ரீட்' என்ற டெட் பாட்டின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். முடிச்சுப் போட்டுச் சாயத்தில் நனைத்த டி-ஷர்ட், பாசிமணி, சுடச்சுட சீஸ் சாண்ட்விச் என்று விற்று, அந்தக் காசில் பெட்ரோல் போட்டு அடுத்த ஊருக்குப் போவார்கள். டிக்கெட் இல்லாதவர் ஒற்றை விரலை உயர்த்திக் காட்டியபடி நடப்பார்; கையில் கூடுதல் டிக்கெட் வைத்திருப்பவர் யாராவது அதைச் சும்மா கொடுத்துவிட்டுப் போவார். அரங்குக்குள் காது கேளாத ரசிகர்களுக்கென்று ஓர் இடம் இருந்தது. பலூனை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, அதன் அதிர்வில் பாஸ் கிட்டாரை உணர்வார்கள். சைகை மொழியில் ஒருவர் பாட்டைச் சொல்லிக்கொண்டிருப்பார்.

எனக்கு இந்த உலகத்தில் மிகவும் பிடித்தவர்கள், பதிவு செய்பவர்கள். டேப்பர் என்று அவர்களுக்குப் பெயர். ஒவ்வொரு கச்சேரியும் வேறு என்றால், நேற்று நடந்தது இனி எங்கே கிடைக்கும்? எழுபதுகளின் தொடக்கத்தில் டேப் ரெக்கார்டரை ஒளித்து உள்ளே கொண்டுபோனார்கள். மேடை ஊழியர்கள் கண்டுபிடித்து மைக் ஒயரை வெட்டியதும் உண்டு. வேறு எந்தக் குழுவாக இருந்தாலும் வழக்கு வரை போயிருக்கும். கார்சியாவின் நிலைப்பாடு வேறு: வாசித்து முடித்துவிட்டோம், இனி அது ரசிகர்களுடையது. அவரே 1964இல் ஒரு நண்பரோடு டேப் ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு புளூகிராஸ் கச்சேரிகளைத் தேடி காரில் ஊர் ஊராகப் போனவர்தான். அந்தப் பசி அவருக்குத் தெரியும்.

நாளாக ஆக மைக் ஸ்டாண்டுகள் காடுபோல் எழும்பி மற்றவர்களுக்கு மேடையை மறைத்தன. 1984 அக்டோபரில், பெர்க்லியில் நடந்த கச்சேரியிலிருந்து, ஒலிக்கலவைக்காரரின் மேசைக்குப் பின்னால் டேப்பர்களுக்குத் தனிப்பகுதியே ஒதுக்கிவிட்டார்கள். கேசட்டின் ஒரு பக்கம் 45 நிமிடம். ஜாம் நடுவில் டேப் தீர்ந்துவிடக் கூடாது. எந்தப் பாட்டுக்குப் பின் எது வரும், எவ்வளவு நீளும் என்று கணித்து, கைதட்டல் இடைவெளியில் சட்டென்று புரட்ட வேண்டியிருந்தது. பக்கத்தில் நிற்பவர் உரக்கப் பேசினால் அதுவும் பதிவாகிவிடும். ஆகவே அந்தப் பகுதியில் யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

பதிவானதை விற்கக் கூடாது என்பது இவர்களின் உறுதியான விதி. கேசட் காலத்தில், டேப் வேண்டுமென்றால் வெற்றுக் கேசட்டும் திருப்பி அனுப்பத் தபால் செலவும் அனுப்பினால் போதுமாயிருந்தது. முன்பின் தெரியாத ஒருவர் உட்கார்ந்து மூன்று மணி நேரக் கச்சேரியை நகலெடுத்து அனுப்புவார். பிரதிக்குப் பிரதி இரைச்சல் கூடும் என்பதால், தன் கையில் இருப்பது எத்தனையாவது நகல் என்று உறையில் நேர்மையாக எழுதுவார்கள். எந்தத் தேதியில் எந்த ஊரில் எதை வாசித்தார்கள் என்று தொகுத்து 1987இல் 'டெட்பேஸ்' என்ற நூலே வந்தது.

இந்தக் கேசட்டுகளில் புகழ்பெற்றது 1977 மே 8 அன்று, கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹாலில் நடந்த கச்சேரி. குழுவின் ஒலிப்பொறியாளர் பெட்டி கேன்டர்-ஜாக்சன் பதிவு செய்தது. கருவிகள் ஒவ்வொன்றும் தனித்தனியே தெளிந்து கேட்கும். அவர் காது அப்படி. பின்னாளில் அவர் டேப்புகள் இருந்த சேமிப்புக் கிடங்கின் வாடகை பாக்கியாகி, 1986இல் உள்ளே இருந்தவை ஏலத்துக்குப் போயின. வாங்கியவர்கள் வழியாக அவை ரசிகர்களிடம் பரவின. அந்தக் கார்னெல் கச்சேரியை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் 2011ஆம் ஆண்டுக்கான தேர்வாகச் சேர்த்தது. கடைக்கு அதிகாரபூர்வமாக வந்ததோ 2017இல்தான். கடைக்கு வருவதற்குள் அது ரசிகர்கள் கைவழியாகவே நாட்டின் சொத்தாகிவிட்டிருந்தது.

இலவசமாகக் கொடுத்ததால் இந்தக் குழு நொடிந்துபோகவில்லை. அமெரிக்காவில் கச்சேரி வசூலில் முன்னணியில் இருந்த குழுக்களில் டெட் ஒன்று. கேசட் கேட்டவர் நேரில் வந்தார்; வந்தவர் நண்பரை அழைத்து வந்தார். இன்று இசைத்தொழில் ரசிகரைத் திருடனாகப் பார்த்து வழக்குப் போடும் ஒவ்வொரு முறையும் எனக்கு இந்தக் கணக்கு நினைவுக்கு வருகிறது. டெட் குழுவும் ஒருமுறை சறுக்கியது. 2005 நவம்பரில், இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் ரசிகர்கள் சேர்த்து வைத்திருந்த பதிவுகளைத் தரவிறக்க முடியாதபடி நிறுத்தினார்கள். ரசிகர்கள் கொதித்தெழுந்தார்கள். சில நாள்களிலேயே பார்வையாளர் பதிவுகள் திரும்பி வந்தன. ஒலிக்கலவை மேசையிலிருந்து எடுத்தவற்றை மட்டும் கேட்கலாம், தரவிறக்க முடியாது என்றானது.

இந்தக் கதையின் இருண்ட பக்கத்தையும் சொல்ல வேண்டும். எல்எஸ்டி போதையோடு பிறந்த இசை இது. ஆரம்ப நாள்களில் அதைக் கூட்டமாக உட்கொள்ளும் விருந்துகளில்தான் குழு வாசித்தது. அதனால் அழிந்தவர்கள் உண்டு. 'வார்ஃப் ராட்ஸ்' என்ற பெயரில், போதையை விட்ட ரசிகர்கள் மஞ்சள் பலூன் கட்டிய மேசையருகே கச்சேரி இடைவேளையில் கூடி ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டது இந்தக் கூட்டம் செய்த உருப்படியான காரியங்களில் ஒன்று. 1987இல் டெட்டின் 'டச் ஆஃப் கிரே' பாட்டு ஹிட்டானதும் டிக்கெட் இல்லாத கூட்டம் பெருகியது. 1995 ஜூலை 2 அன்று இண்டியானாவின் டீர் கிரீக் அரங்கில் ஆயிரக்கணக்கானோர் வேலியைப் பிய்த்துக்கொண்டு நுழைந்தார்கள். மறுநாள் கச்சேரி ரத்தானது. ஆகஸ்ட் 9 அன்று, போதை மறுவாழ்வு மையத்தில் கார்சியா மாரடைப்பால் இறந்தார். வயது 53. அந்த ஆண்டே குழு கலைந்தது.

மரபு கலையவில்லை. 1983இல் வெர்மான்ட் பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கிய ஃபிஷ், டெட் விட்ட இடத்தில் விளையாட்டையும் சேர்த்தது. 1995 பயணத்தில் மேடையில் பெரிய சதுரங்கப் பலகை வைத்து, கச்சேரிக்கு ஒரு நகர்வாகக் குழுவும் ரசிகர்களும் ஆடினார்கள்; ஆளுக்கொரு வெற்றி. 1999 டிசம்பர் 31 அன்று, ஃபுளோரிடாவின் பிக் சைப்ரஸில் நள்ளிரவுக்கு முன் மேடையேறியவர்கள் புத்தாயிரத்தின் சூரியன் உதிக்கும் வரை ஏழு மணி நேரத்துக்கும் மேல் இடைவேளையின்றி வாசித்தார்கள். ஃபிஷ் ரசிகர்கள் 1996இல் தொடங்கிய மாக்கிங்பேர்ட் அறக்கட்டளை, சம்பளம் வாங்கும் ஊழியர் ஒருவர்கூட இல்லாமல், பள்ளிப் பிள்ளைகளின் இசைக் கல்விக்குப் பணம் கொடுத்துவருகிறது. வைட்ஸ்பிரெட் பேனிக், அம்ப்ரீஸ் மெகீ, கூஸ் என்று குழுக்கள் தொடர்ந்து வந்துகொண்டிருக்கின்றன.

கேட்டுப் பார்க்க விரும்பினால் காசு செலவில்லை. இன்டர்நெட் ஆர்க்கைவில் டெட் கச்சேரிகளின் பதிவுகள் மட்டும் பத்தாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. 1972இன் ஐரோப்பியப் பயணத்திலிருந்து ஏதாவது ஓர் இரவை எடுங்கள். ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்ளுங்கள். முதல் தடவை கார்சியாவின் கிட்டாரை மட்டும் பின்தொடருங்கள். அதே பகுதியை மீண்டும் போட்டு, லெஷ்ஷின் பாஸை மட்டும் கேளுங்கள். மூன்றாவது தடவைக்கு நான் சொல்ல வேண்டியிருக்காது.