தில்லி எரித்த கதைகள், திரும்பி வந்த கதைகள்

மாயக் கதையும் விஞ்ஞானக் கதையும் மேல்நாட்டுச் சரக்கு என்று நினைப்பவர்கள் ஜமா மசூதிப் படிக்கட்டிலிருந்து ஆரம்பிக்கலாம்.

1928-ல் மீர் பாகர் அலி இறந்தபோது பழைய தில்லியில் ஒரு தொழிலே முடிவுக்கு வந்தது. தாஸ்தான் சொல்வது அவருடைய தொழில். மந்திரவாதிகள், தேவதைகள், தந்திரக்காரர்கள் நிறைந்த முடிவில்லாத கதையை இரவெல்லாம் சொல்லிக் கூட்டத்தைக் கட்டிப்போட்டவர். கடைசிக் காலத்தில் கேட்க ஆளில்லாமல் பாக்கு விற்றுப் பிழைத்தார் என்று சொல்வார்கள். கூட்டம் பயாஸ்கோப் பக்கம் போய்விட்டிருந்தது.

அதற்கு 80 வருடங்களுக்கு முன் நிலைமை வேறு. தில்லியின் கட்டடங்களைப் பற்றி சர் சையத் அகமது கான் 1847-ல் வெளியிட்ட புத்தகத்தில், ஜமா மசூதியின் வடக்குப் படிக்கட்டில் மாலை வேளைகளில் ஒரு கதைசொல்லி மோடா போட்டு அமர்ந்து அமீர் ஹம்ஸாவின் கதையைச் சொல்வது பதிவாகியிருக்கிறது. கவிஞர் காலிப் இந்தக் கதைகளின் தீவிர ரசிகர். கையில் தடிமனான ஹம்ஸா தொகுதி, அலமாரியில் போதுமான மது, இதைவிட வேறென்ன வேண்டும் என்ற தோரணையில் நண்பருக்குக் கடிதமே எழுதியிருக்கிறார். அவருக்கும் முன்னால் அக்பர் இதே கதைக்கு 1,400 ஓவியங்கள் வரையச் செய்தார். அந்த வேலைக்குச் சுமார் 15 ஆண்டுகள் பிடித்தன.

இவ்வளவு செல்வாக்கான கதை எப்படித் தெருவில் பாக்கு விற்கும் நிலைக்கு வந்தது? சினிமாவை மட்டும் குறை சொல்ல முடியாது. 1857-க்குப் பிறகு உருது இலக்கியத்துக்குக் கண்ணியம் தேடியவர்கள், நம்ப முடியாத கதை என்றால் முகம் சுளிக்க ஆரம்பித்தார்கள். இயற்கைக்கு முரணானது, ஒழுக்கத்தைக் கெடுப்பது என்பது குற்றச்சாட்டு. 1870-களில் தில்லி எழுத்தாளர் நஸீர் அகமது எழுதிய ‘தௌபதுன் நஸூஹ்’ நாவலில், மகன் ஆசையாகச் சேர்த்துவைத்த கதைப் புத்தகங்களை அப்பா தீயில் போடுகிறார். அந்த நாவலுக்கு பிரிட்டிஷ் அரசின் பரிசும் கிடைத்தது. தமிழ்நாட்டு வாசகருக்கு இந்தக் கதை புதிதல்ல. விக்கிரமாதித்தன் கதையும் மதனகாமராஜன் கதையும் ‘பெரிய எழுத்து’ப் புத்தகங்களாகச் சந்தையில் விற்றன, இலக்கியம் பேசுபவர்கள் அவற்றைத் தொடவில்லை. ஆனால் நடேச சாஸ்திரி மதனகாமராஜனை 1886-லேயே ஆங்கிலத்தில் கொண்டுபோனார்.

வேடிக்கை என்னவென்றால், வசை உச்சத்தில் இருந்த அதே காலத்தில்தான் லக்னோவின் நவல் கிஷோர் அச்சகம் கதைசொல்லிகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஹம்ஸா கதையை முழுசாக அச்சடிக்க ஆரம்பித்தது. மொத்தம் 46 தொகுதிகள், 40,000 பக்கங்களுக்கு மேல். இவற்றில் மகுடம் ‘திலிஸ்ம்-எ-ஹோஷ்ருபா’. 1883-ல் முகமது உசேன் ஜா ஆரம்பித்து நான்கு தொகுதிகளோடு விலகிக்கொள்ள, அகமது உசேன் கமர் தொடர்ந்து முடித்தார். இது மட்டுமே சுமார் 8,000 பக்கம்.

திலிஸ்ம் என்பது ஒரு மந்திரவாதி உருவாக்கிய தனி உலகம். அதற்கென்று தனி விதிகள். அதை உடைக்கும் வழியும் உடைக்கப் பிறந்தவனும் முன்பே விதிக்கப்பட்டிருப்பார்கள். ஹோஷ்ருபாவின் சக்கரவர்த்தி அஃப்ராசியாப். கண்ணுக்குத் தெரியும் நாடும் மறைந்த நாடும் அங்கே உண்டு. நடுவே ரத்த ஆறு ஓடுகிறது. ஆற்றின் மேல் புகையால் ஆன பாலம். இந்த ராஜ்யத்துக்குள் நுழைகிறவன் ஹம்ஸாவின் பேரன் அஸத். பெயருக்குத்தான் அவன் கதாநாயகன். கதையைத் தூக்கிச் சுமப்பது அமர் அய்யார் என்ற தந்திரக்காரன்: மாறுவேடக்காரன், கஞ்சன், காசைக் கண்டால் எதையும் மறப்பவன். தோளில் ஸம்பீல் என்று ஒரு பை. எதைப் போட்டாலும் நிரம்பாது; அதற்குள் ஊர்களே இருக்கின்றன. பெண்கள் அலங்காரத்துக்கு வந்து நிற்பதில்லை. படை நடத்துகிறார்கள், சக்கரவர்த்தியை எதிர்த்துக் கலகம் செய்கிறார்கள். பஹார் என்ற சூனியக்காரி வசந்த காலத்தையே ஆயுதமாக ஏவிப் பகைவர்களைப் பித்துப்பிடிக்க வைக்கிறாள்.

இந்தக் குவியலை மீட்டவர் ஒரு தபால் துறை அதிகாரி. ஷம்சுர் ரஹ்மான் ஃபரூக்கி, உருதுவின் மிகப் பெரிய விமர்சகர்களில் ஒருவர். சிதறிக் கிடந்த தொகுதிகளைப் பல வருடங்கள் தேடிச் சேர்த்து, படித்து, தாஸ்தானை நாவலின் அளவுகோலால் அளப்பதே தப்பு என்று வாதாடினார். அது சொல்லப்படும் கதை. அதன் சாமர்த்தியம் முடிவை எட்டுவதில் இல்லை, தள்ளிப்போடுவதில் இருக்கிறது. காதலர்கள் சந்திக்க ஒரு திரைதான் பாக்கி என்ற இடத்தில் நிறுத்தி, அந்தத் திரையை விலக்காமலே நாள்கணக்கில் ஓட்டிய கதைசொல்லி பற்றி ஒரு செய்தி வழங்குகிறது. (நம் தொலைக்காட்சித் தொடர்களும் இதைத்தான் செய்கின்றன, சாமர்த்தியம்தான் இல்லை.) அவருடைய உறவினர் மஹ்மூத் ஃபரூக்கி 2005 மே மாதம் தில்லி இந்தியா இன்டர்நேஷனல் சென்டரில் வெள்ளை அங்கியில் மேடையேறித் தாஸ்தான் சொன்னார். தாஸ்தான் மீண்டும் மேடை கண்டது. தில்லியில் பிறகு இளைஞர்கள் பலர் இந்தக் கலைக்கு வந்தார்கள்.

1935-ல் பிறந்த ஃபரூக்கிக்கு அதே வருடம் பிறந்த தமிழ் ஜோடி ஒருவர் உண்டு: சுஜாதா. அவரும் அரசு உத்தியோகம். சிவில் விமானப் போக்குவரத்துத் துறையில் தில்லியிலும் இருந்தவர். ஃபரூக்கி 1966-ல் அலகாபாத்தில் ‘ஷப்கூன்’ பத்திரிகையைத் தொடங்கினார். அதற்கு முந்தின வருடம் தில்லியில் கஸ்தூரிரங்கன் தொடங்கிய ‘கணையாழி’யின் கடைசிப் பக்கத்தில், ஸ்ரீரங்கம் எஸ்.ஆர். என்ற பெயரில் சுஜாதா பிடித்த புத்தகங்களைச் சிபாரிசு செய்துவந்தார். விஞ்ஞானக் கதையைத் தமிழ் வார இதழின் வரவேற்பறைக்குக் கொண்டுவந்த ‘என் இனிய இயந்திரா’ 2021-ல் நடப்பதாகக் கற்பனை செய்யப்பட்டது. அந்த வருடம் வந்து போய்விட்டது. ஜீனோ என்ற இயந்திர நாய் இன்னும் வயதாகாமல் இருக்கிறது. சங்கடம் ஒன்றுதான்: தமிழில் பலருக்கு விஞ்ஞானக் கதை சுஜாதாவில் ஆரம்பித்து சுஜாதாவிலேயே முடிந்துவிடுகிறது.

அதற்கப்பால் போக விரும்புகிறவர்களுக்கு வழி இருக்கிறது. உருது தெரியாதவர்கள் முஷர்ரஃப் அலி ஃபரூக்கியின் ஆங்கில மொழிபெயர்ப்புகளுக்குப் போகலாம். 2007-ல் வந்த ஹம்ஸா ஒற்றைத் தொகுதி முழுக் கதையையும் தரும். ஆனால் 2009-ல் வந்த ஹோஷ்ருபா முதல் புத்தகத்தில்தான் மயக்கம் அதிகம். ஓரளவு இந்தி வரும் என்றால் தேவகி நந்தன் கத்ரியின் ‘சந்திரகாந்தா’. 1888-ல் வந்த இதைப் படிக்கவே பலர் இந்தி கற்றார்கள் என்பார்கள். 1994-ல் தூர்தர்ஷன் தொடராகப் பார்த்ததை மறந்துவிட்டுப் படிக்க வேண்டும். கத்ரியின் திலிஸ்மில் மந்திரம் கிடையாது. ரகசியக் கதவு, விசை, பொறி என்று எல்லாம் யந்திர வேலை. மாயக் கதை விஞ்ஞானக் கதையாக மாறும் வழியில் பாதி தூரம் அங்கேயே வந்துவிடுகிறது.

மீதி தூரம் தில்லியில் வளர்ந்த பௌதிக ஆசிரியர் வந்தனா சிங்குடையது. ‘தில்லி’ என்ற அவர் சிறுகதையின் நாயகன் கண்ணுக்கு நகரத்தின் சென்ற காலத்து மனிதர்களும் வரப்போகிறவர்களும் ஒரே தெருவில் தெரிகிறார்கள். சாகத் துணிந்தவர்களைத் தேடித் தடுப்பதை அவன் வேலையாக வைத்துக்கொள்கிறான். 2008-ல் ஸுபான் வெளியிட்ட தொகுப்பில் இது இருக்கிறது. ஒரே ஒரு கதைதான் படிக்க நேரம் என்றால் இதைப் படிக்கலாம். அதே வருடம் வந்த மஞ்சுளா பத்மநாபனின் ‘எஸ்கேப்’, பெண்களே அழிக்கப்பட்ட நாட்டில் ஒளித்து வளர்க்கப்படும் ஒரு சிறுமியின் கதை. பலவீனமான மனசுக்காரர்களுக்கு அல்ல.

கேமரா கண்களும் நேரலை நட்சத்திரங்களுமாக இன்னும் சில வருடம் தள்ளிய தில்லியைப் பார்க்க ஸமித் பாசு. 2020-ல் ‘சோஸன் ஸ்பிரிட்ஸ்’ என்று இந்தியாவில் வந்த அந்த நாவல், 2022-ல் வெளிநாட்டில் ‘தி சிட்டி இன்சைட்’ ஆனது. இரண்டும் ஒரே கதைதான். தரியாகஞ்ச் நடைபாதையிலிருந்து 2019-ல் மகிளா ஹாட்டுக்கு இடம் மாறிய ஞாயிற்றுக்கிழமைப் புத்தகச் சந்தையில் இரண்டும் கண்ணில் பட்டால், ஒன்றை மட்டும் வாங்கினால் போதும்.