முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சையில் கணினி

மாணவர்களே, தேய்ந்த முழங்காலுக்குச் செயற்கை மூட்டைப் பொருத்தும்போது இடுப்பு மூட்டு, முழங்கால், கணுக்கால் ஆகியவற்றின் மையங்கள் ஏறத்தாழ ஒரே நேர்கோட்டில் அமைதல் வேண்டும். வழக்கமாக 3 பாகைக்கு மேற்படாத விலகலே இலக்காகக் கொள்ளப்படும். விலகல் கூடினால் சுமை ஒருபுறமாகச் சாய்ந்து, புதிய மூட்டும் விரைவில் தேயலாம். ஆனால் இடுப்பு மூட்டின் மையம் தசைகளுக்குள் மறைந்துள்ளது. அதனை எவ்வாறு அறிவது?

உள்ளீடு: தொடை என்பிலும் கீழ்க்கால் என்பிலும் அடையாளக் குறிகள் பொருத்தப்படும். வைத்தியர் தொடையை வட்டமாக அசைக்கும்போது, செந்நிறக் கீழ்க் கதிர்க் கமரா குறிகளின் நிலைகளைப் பதியும்.

முறைவழியாக்கம்: தொடை என்பிலுள்ள குறி ஒரு கோளத்தின் மேற்பரப்பிலேயே அசையும். அக்கோளத்தின் மையமே இடுப்பு மூட்டின் மையம் எனக் கணினி கணிக்கும். முழங்கால், கணுக்கால் மையங்கள், வைத்தியர் சுட்டுகோலால் தொட்டுக் காட்டும் புள்ளிகளிலிருந்து பெறப்படும்.

வெளியீடு: என்பை வெட்டவேண்டிய கோணமும் ஆழமும் திரையில் தோன்றும்.

இம்முறையிலான முதலாவது முழு முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சை 1997 இல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் நடைபெற்றது.

கவனிக்க: இங்கு கணினி என்பை வெட்டுவதில்லை, அளந்து காட்டுகிறது. என்பில் பொருத்திய குறி இடையில் சற்று இளகினாலும் திரையிலுள்ள கோணம் பிழையாகும். உள்ளீடு பிழையெனின் வெளியீடும் பிழையே. ஆகவே இறுதி முடிவு வைத்தியருடையதாகும்.