வில்லுக்கத்தியும் தளர்ந்த கையும்



கண் மங்கினால் மூக்குக்கண்ணாடி அணிகின்றோம். கால் தளர்ந்தால் கைத்தடி ஊன்றுகின்றோம். பல் விழுந்தால் வெற்றிலையையும் பாக்கையும் உரலில் இடித்து வாயிலிடுகின்றோம். கை தளர்ந்தால் என்ன செய்கின்றோம்? பெரும்பாலும் ஒன்றுமே செய்வதில்லை. அயலில் உள்ளவரை அழைக்கின்றோம். அழைக்க எவரும் இல்லாதவிடத்து அந்தக் காரியத்தையே விட்டுவிடுகின்றோம். விட்டுவிட்டதைப் பிறர் அறியாவண்ணம் மறைத்தும் கொள்கின்றோம். அந்த மறைப்பினால் விளையும் கேடு எத்தகையது என்பதை நான் என் வீட்டிலேயே கண்டேன்.

என் அன்னையாருக்கு வயது 83. பிள்ளைகள் எங்கிருந்தாலும், தாம் மட்டும் பிறந்த மண்ணிலே, தம் வீட்டிலே இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ஒருநாள் முற்றத்திலே தலைசுற்றி வீழ்ந்தார். வைத்தியசாலையிற் சோதித்தபோது இரத்த அழுத்தம் மிகவும் உயர்ந்திருந்தது. “குளிசைகளை ஒழுங்காக எடுத்தீர்களா, அம்மா?” என்று வைத்தியர் வினவினார். “ஓம்” என்றார் அன்னையார். வீடு திரும்பியபின் நான் மேசை இழுப்பறையைத் திறந்து பார்த்தேன். இரண்டு மாதக் குளிசைத் தகடுகள் ஏறத்தாழ முழுமையாகவே கிடந்தன. சிலவற்றின் ஓரங்களிலே பல்லாற் கடித்த அடையாளம் இருந்தது. ஈயத்தாளை உடைத்துக் குளிசையை வெளியே தள்ளும் வலிமை அவருடைய பெருவிரலுக்கு இல்லை. “ஏன் சொல்லவில்லை?” என்று கேட்டேன். “உந்தச் சின்ன வேலைக்கும் அயலட்டையைக் கூப்பிடுறதே, தம்பி?” என்றார்.

ஐம்பது வயதைக் கடந்த எனக்கும் அவ்வார்த்தை தைத்தது. கரும்பலகையில் எழுதும்பொழுது வெண்கட்டி என் விரலிலிருந்து நழுவி விழுவதையும், தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறக்க மாணவன் ஒருவனிடம் கொடுக்கும்பொழுது வேறு வேலையிருப்பதுபோல் நான் பாவனை செய்வதையும் அன்றுதான் எண்ணிப் பார்த்தேன்.

கை ஏன் தளர்கின்றது? விரல்களை மடக்கும் பெரிய தசைகள் விரல்களில் இல்லை. அவை முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையிலுள்ள முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து புறப்படும் தசைநாண்கள், பொம்மலாட்டக்காரன் கையிலுள்ள நூல்களைப் போல, விரலெலும்புகளை இழுக்கின்றன. இளமையில் உச்சத்தை எட்டும் இந்தப் பிடிவலிமை, ஐம்பதைத் தாண்டியபின் தெளிவாகக் குறையத் தொடங்குகிறது. முதுமையில் தசை மெலிந்து வலிமை இழக்கும் இந்நிலைக்கு, தசையின் வறுமை என்னும் பொருள்படக் கிரேக்கச் சொற்களிலிருந்து ஒரு பெயரை 1989ஆம் ஆண்டளவில் அமெரிக்க அறிஞர் ஏர்வின் றோசன்பேர்க் வழங்கினார். ஆசிய நாட்டு வைத்திய அறிஞர் குழுவொன்று 2019இல் அதற்கு ஓர் அளவும் வகுத்தது. பிடிமானியை முழுப்பலத்தோடு அழுத்தும்பொழுது ஆணுக்கு 28 கிலோகிராமுக்கும், பெண்ணுக்கு 18 கிலோகிராமுக்கும் குறைவாகக் காட்டினால், கை தளர்ந்துவிட்டது என்பது அக்குழுவின் தீர்ப்பு.

தசை மட்டுமன்று, மூட்டும் தேய்கிறது. அதிலும் பெருவிரலின் அடிமூட்டே முதுமையிற் பெரிதும் துன்புறுவது. அதற்குத் தக்க காரணம் உண்டு. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே ஒரு திறப்பை 1 கிலோகிராம் விசையோடு நெரித்துப் பிடித்தால், பெருவிரலின் அடிமூட்டில் ஏறத்தாழ 12 கிலோகிராம் சுமை ஏறுகின்றதென ஆராய்ச்சியாளர் கணித்துள்ளனர். ஆகவே, “திறப்புத் திருப்பக்கூட முடியவில்லையா?” என்று கிழவரைப் பார்த்து நகைக்கும் இளைஞர் அந்தப் பன்னிரு மடங்கை நினைவிற் கொள்வது நன்று.

இங்கே ஓர் எச்சரிக்கையையும் கூறிவிடுகின்றேன். நான் பேசுவது ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல வரும் தளர்ச்சியைப் பற்றியே. ஒரு கை மட்டும் திடீரெனச் சோர்ந்தாலோ, அதனோடு வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ அது மூளையைத் தாக்கும் நோயாக இருக்கலாம். 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்து நோயாளர் வண்டியை உடனே வரவழைத்தல் வேண்டும். இரவிற் பெருவிரலும் அடுத்த இரு விரல்களும் விறைத்து எழுப்புமானால், அதுவும் வைத்தியரிடம் காட்ட வேண்டியதே. குணமாக்கத்தக்க நரம்பு நெருக்கமாக அது இருக்கக்கூடும்.

இனிக் கருவிக்கு வருவோம். இடுப்பிலே சிறு கருவியொன்றைச் செருகிக்கொள்வது நமக்குப் புதிதன்று. தோட்டக்காரர் மடியில் வில்லுக்கத்தி இருக்கும். பாட்டிமார் கொட்டைப்பெட்டிக்குள் பாக்குவெட்டி இருக்கும். முள்வாங்கியையும் காதுக்குடும்பியையும் ஒரே வளையத்திற் கோத்துத் திறப்புகளோடு தொங்கவிட்டவர்களும் இருந்தனர். பல கருவிகளை ஓரிடத்திற் சேர்க்கும் எண்ணத்தின் எளிய வடிவம் அதுவே.

மேலைநாட்டில் அவ்வெண்ணம் போர்வீரன் பையிலிருந்து பரவியது. சுவிற்சர்லாந்துப் படையினர்க்குத் தகரப் பேணியைத் திறக்கவும், தம் துப்பாக்கியின் திருகாணிகளைக் கழற்றவும் ஒரு கருவி தேவைப்பட்டது. அலகு, தமரூசி, பேணிதிறப்பான், திருப்புளி ஆகிய நான்கும் மடங்கிய முதற் கத்திகள் ஜேர்மனியின் சொலிங்கன் நகரிற் செய்யப்பட்டன. கார்ல் எல்செனர் என்னும் கத்தித் தொழிலாளர் 1891இல் அவ்வேலையைத் தம் நாட்டுக்கே கொண்டுவந்தார். 1897இல் அவர் பதிவு செய்த மெலிந்த கத்தியில், ஒரே வில் இரு பக்கத்து அலகுகளையும் தாங்கியது. வில் என்றது அலகுக்குப் பின்னே கிடக்கும் உருக்குப் பட்டையை. அதுதான் அலகை மூடியும் திறந்தும் நிற்கச் செய்வது. வில்லுக்கத்தி என்று நம்மவர் இட்ட பெயர் எத்துணைப் பொருத்தம் பாருங்கள்! அந்த வில்லைப் பற்றிச் சற்றுப் பின்னர் நான் குறைகூறப் போகின்றேன்.

அக்கத்தியிற் குறடு இல்லை. 1975இல் ரிம் லெதர்மன் என்னும் அமெரிக்கர் தம் மனைவியோடு பழைய பியற் காரொன்றில் ஐரோப்பாவைச் சுற்றினார். கார் அடிக்கடி பழுதாயிற்று. தங்கிய விடுதிகளிலே தண்ணீர்க் குழாய்கள் ஒழுகின. சட்டைப்பையிலே கத்தி இருந்தது, வேண்டியதோ குறடு. ஊர் திரும்பிப் பல்லாண்டு முயன்று, மடங்கும் குறட்டின் கைப்பிடிகளுக்குள்ளே கத்தியும் திருப்புளியும் அடங்கிய கருவியைச் செய்தார். 1980இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. 1983இல் விற்பனைக்கு வந்தது. இளைஞரும் படைவீரரும் அதனை விரும்பி வாங்கினர். ஆயினும் அக்குறட்டினால் மிகுந்த பயன் பெறத்தக்கவர் முதியோரே என்பது என் துணிபு.

காரணம் நெம்புகோற் தத்துவம். விரல்கள் பிடிக்கும் இடம் குறட்டின் சுழலாணியிலிருந்து 6 சென்ரிமீற்றர் தூரத்திலும், அலகு பொருளைக் கவ்வும் இடம் 2 சென்ரிமீற்றர் தூரத்திலும் இருப்பதாகக் கொள்வோம். 5 கிலோகிராம் விசையே தரவல்ல கை, அலகில் 15 கிலோகிராம் விசையைத் தருகின்றது. சிறிய பிளாஸ்ரிக் மூடியைக் குறட்டாற் கவ்விவிட்டால், பெருவிரல் நெரிக்க வேண்டியதில்லை. முன்கை திருப்பினாற் போதும். தையற் பொறி ஊசியின் திருகாணி, ஒட்டிக்கொண்ட பைச் சங்கிலியின் நா, பால்மாப் பெட்டியின் தடித்த உறை ஆகிய யாவும் இவ்வாறே இணங்கும்.

ஜாம் போத்தலின் மூடி வேறு வகை. நாம் அதை முறுக்கத் தோற்பது நம் கையின் குற்றம் மட்டுமன்று. உள்ளே காற்றுக் குறைந்திருக்க, வெளிக்காற்று மூடியை அழுத்துகின்றது. மூடியின் விட்டம் 7 சென்ரிமீற்றராயின் பரப்பு ஏறத்தாழ 38 சதுர சென்ரிமீற்றர். ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 1 கிலோகிராம் வீதம் வெளிக்காற்று அழுத்துகின்றது. உள்ளே அதிற் பாதியே இருப்பினும், 19 கிலோகிராம் பாரம் மூடியின்மேல் அமர்ந்திருக்கின்றது. அதனோடு மல்லுக்கட்டுவானேன்? போத்தல் திறப்பானின் நுனியை மூடியின் விளிம்புக்கடியிற் செருகி மெல்ல நெம்புங்கள். ‘டிக்’ என்று ஓர் ஒலி கேட்கும், காற்று உட்புகுந்துவிட்டது. பின்னர் மூடி எளிதாகச் சுழலும். கண்ணாடி விளிம்பை நெம்பலாகாது. தகரத்தையே நெம்ப வேண்டும்.

மீன் பேணியைப் பொறுத்தவரை இக்கருவிகளை நான் புகழமாட்டேன். அவற்றின் பேணிதிறப்பானைக் கொண்டு விளிம்பைச் சுற்றிலும் இருபது முப்பது முறை குத்தி நெம்ப வேண்டும். படைவீரனுக்கு அது விளையாட்டு. மூட்டு நோவுள்ளவருக்குத் தண்டனை. பெரிய பிடியுள்ள சக்கரத் திறப்பானை அடுப்படியில் வைத்திருப்பதே மேல்.

இப்பொழுது வில்லின் குறைக்கு வருகின்றேன். அன்னையார் வீழ்ந்த பின்னர், நகரக் கடையொன்றில் இருபது அலகுகளுக்கு மேற்பட்ட மலிவான கருவி ஒன்றை வாங்கினேன். எண்ணிக்கையைக் கண்டு மயங்கிய என் பேதைமை அது. அன்னையாரிடம் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓர் அலகைக்கூட வெளியே எடுக்க அவரால் முடியவில்லை. நான் முயன்றேன், என் பெருவிரல் நகம் கிழிந்தது. அலகிலுள்ள சிறு பிளவில் நகத்தைச் செருகி, வில்லின் இறுக்கத்தை எதிர்த்து இழுத்தாலன்றோ கத்தி திறக்கும்? முதியோரின் நகமோ எளிதில் முறிவது. விரல்நுனியோ உணர்வு மங்கியது. பூட்டைத் திறக்கும் திறப்பைப் பூட்டிய பெட்டிக்குள் வைத்தது போலாயிற்று அந்த உதவி.

ஆகவே, வாங்குமுன் கடையிலேயே, உதவியின்றி, பயன்படுத்தப்போகும் கையினாலேயே ஒவ்வோர் அலகையும் திறந்து மூடிப் பாருங்கள். கடைக்காரர் முகத்தைச் சுளித்தாலும் சுளிக்கட்டும். நகப்பிளவுக்குப் பதிலாக அலகிற் பெரிய துளையுள்ள கருவிகள் இன்று உண்டு. பெருவிரலின் சதைப்பகுதியால் தள்ளினாலே அவை திறக்கும். 1998இல் லெதர்மன் நிறுவனம் வெளியிட்ட ஒரு வகையிற் குறட்டை விரிக்காமலே கத்தியை அவ்வாறு திறக்கலாம். ஆயினும் அது கால் கிலோகிராமுக்குச் சற்றே குறைந்த நிறையுடையது. மெலிந்த கைக்கு அதுவும் சுமைதான். திறந்த அலகு தானாக மடங்காதவாறு பூட்டிக்கொள்ளும் கருவியானால், அந்தப் பூட்டை விடுவிக்கவும் உங்கள் விரலுக்கு வலிமை உண்டா என்று பாருங்கள். திறப்பதைவிட மூடும்போதே விரல் வெட்டுப்படுவது இயல்பு. இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர்க்குச் சிறு வெட்டும் சிறிதன்று. மேசையின்மேல் முதுகுப்புறத்தை அழுத்தி மூடுவது, உள்ளங்கையில் வைத்து மூடுவதிலும் பாதுகாப்பானது.

வீட்டிலிருக்கும் பழைய கத்தியை எறிய வேண்டியதில்லை. சுழலாணியில் ஒரு துளி எண்ணெய் இட்டு, முப்பது முறை திறந்து மூடினால் இறுக்கம் தளரும். தேங்காயெண்ணெய் நாட்பட்டால் பிசினாகிவிடும். தையற் பொறி எண்ணெயே தகும்.

பிடி தடித்திருத்தலும் வேண்டும். மெல்லிய பிடியைச் சுற்றி விரல்கள் முற்றாக மடங்க வேண்டியிருத்தலால் நோவு கூடும். மேலும், திருப்புளியின் பிடி இருமடங்கு தடித்தால், அதே விரல்விசை இருமடங்கு சுழற்றும். அமெரிக்கரான சாம் பார்பர், மூட்டுவாதமுற்ற தம் மனைவி காய்கறித் தோல் சீவப் படும் பாட்டைக் கண்டு, தடித்த மென்மையான பிடிகளோடு சமையற் கருவிகளை 1990இல் விற்கத் தொடங்கினார். நோயற்றவர்களும் அவற்றையே தேடி வாங்கினர். நமக்கோ பழைய சைக்கிள் ரியூப்பின் துண்டொன்று போதும். தட்டையான கருவியின் பிடியில் அதை இழுத்து மாட்டினால், தடிப்பும் வழுக்காத பிடியும் ஒருங்கே கிடைக்கும்.

அன்னையாருக்கு ஈற்றிற் பொருந்தியது மிகச் சிறியதொன்று. 58 மில்லிமீற்றர் நீளம். 20 கிராமுக்குச் சற்று மேற்பட்ட நிறை. சிறு அலகு, நகம் தேய்க்கும் அரம், கத்தரிக்கோல், முள்வாங்கி, பற்குத்தி என்பன அதில் உள. கத்தரிக்கோலின் கண்ணில் நூல் வளையமொன்றைக் கட்டினேன். நகம் வேண்டியதில்லை, வளையத்தில் விரலை மாட்டி இழுத்தால் அது வெளிவரும். வெட்டியபின் தானே விரியும் வில் உள்ளமையால், விரல்கள் நெருக்கினாற் போதும், விரிக்க வேண்டியதில்லை.

குளிசைத் தகட்டை ஒவ்வொரு குமிழாகத் துண்டாக்கி வைக்கலாகாது என்று அவருக்குக் காட்டிக்கொடுத்தேன். மறதியாலே தகட்டுத் துண்டோடு விழுங்கித் தொண்டையிலும் குடலிலும் காயமுற்ற முதியோர் உளர். ஈயத்தாளின் ஓரத்தை மட்டும் கத்தரிக்கோல் நுனியாற் கீறி, குளிசையை உள்ளங்கையிற் கவிழ்த்துக் கண்டபின்னரே வாயிலிட வேண்டும். ஒரு நாளைக்குரியதை அன்றன்றே கீற வேண்டும். காற்றுப் பட்டாற் கெடும் மருந்துகள் உண்டு.

கருவியைத் திறப்புக் கோர்வையோடு இடுப்பிற் செருகிக்கொண்டுதான் அன்னையார் இப்பொழுது நடமாடுகின்றார். அந்தக் கோர்வையோடு விமான நிலையத்துக்கு மட்டும் போகலாகாது என்று சொல்லி வைத்திருக்கின்றேன்; “நான் ஏன் போறன்?” என்கின்றார். தகடுகள் நாட்கணக்குத் தவறாமற் குறைகின்றன. இரத்த அழுத்தமும் இறங்கியிருக்கின்றது. கத்தரிக்கோலால் முருங்கைக்காய்க் காம்பையும் நறுக்கியமையால் அதன் வில் ஒருமுறை முறிந்துவிட்டது. புதியதொன்று வாங்கிக் கொடுத்தேன். பழையதைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். கடித உறைகளைக் கிழிக்க அதன் சிறு அலகு போதுமாம்.