டிமென்ஷியா: கட்டிப்போடும் முன், மாத்திரை கொடுக்கும் முன்

டிமென்ஷியா எனும் மறதி நோய் கண்டவர்களில் பெரும்பாலோரிடம் ஏதோ ஒரு கட்டத்தில் நடத்தை மாற்றங்கள் தலைகாட்டுகின்றன. பொழுது சாயும்போது பதற்றம், சொல்லாமல் வெளியே கிளம்பிவிடுதல், நகையை மருமகள் எடுத்துவிட்டாள் என்ற சந்தேகம், குளிக்க வைத்தால் அடித்தல் எனப் பல வடிவங்களில் அவை வரும். இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, இந்நோய் இருப்பதாக 2023-இல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது.

எடுத்துக்காட்டாக, சென்னையை அடுத்த ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியில் ஆலைகள் ஷிப்ட் முறையில் இயங்குகின்றன. நைட் ஷிப்ட் பார்த்த மகன் பகலில் தூங்க, மருமகளும் வேலைக்குப் போகும் வீட்டில் பெரியவருக்குத் துணை இருக்காது. கதவைப் பூட்டுவதும் தூக்க மாத்திரை கொடுப்பதும் அங்கே எளிய வழிகளாகத் தோன்றும்.

ஆனால், இத்தகைய நடத்தைக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும். வலியைச் சொல்லத் தெரியாதவர் கத்துவார். மலச்சிக்கல், பசி, காது கேளாமை, மங்கலான வெளிச்சம் எதுவும் தூண்டலாம். ஓரிரு நாளில் திடீரெனக் குழப்பம் கூடினால் சிறுநீர்த் தொற்றோ புது மருந்தோ காரணமாகலாம்; உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மற்ற நேரங்களில் எப்போது, எங்கே, எதற்குப் பிறகு நடந்தது என்று நோட்டில் குறித்துவந்தால் காரணம் பிடிபடும். ஷிப்ட் மாறும் வாரத்தில் பதற்றம் கூடினால், சாப்பாட்டு நேரத்தையும் குளியல் நேரத்தையுமாவது மாற்றாமல் வைக்கலாம்.

டிமென்ஷியா உள்ள முதியோருக்கு, பதற்றத்தை அடக்கத் தரப்படும் ஆன்டிசைக்காடிக் மருந்துகள் இறப்பு அபாயத்தை ஏறத்தாழ 1.6 முதல் 1.7 மடங்காக்குவதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இல் எச்சரித்தது. பிற வழிகள் பலிக்காமல், கடும் துயரமோ ஆபத்தோ இருந்தால் மட்டுமே, குறைந்த அளவில், குறுகிய காலத்துக்கு, அபாயத்தை எடுத்துச் சொல்லி அவற்றைத் தர வேண்டும்.

கட்டிப்போடுவதற்கு 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எல்லை வகுக்கிறது. மனநல நிலையங்களில், உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோதுதான் அதற்கு இடமுண்டு. தண்டனையாகவோ, ஊழியர் பற்றாக்குறையைக் காரணம் காட்டியோ கட்டக் கூடாது; தனிமையில் அடைப்பதற்கு முழுத் தடை. இந்த விதி வீடுகளைக் கட்டுப்படுத்தாவிட்டாலும், துணைக்கு ஆளில்லை என்பது ஒருவரைக் கட்டிவைக்க நியாயமாகாது என்ற அதன் அடிப்படை அங்கும் பொருந்தும்.

எப்படிப்பட்ட சிகிச்சை வேண்டும், தன் சார்பில் யார் முடிவெடுக்கலாம் என்பதை, தெளிவு இருக்கும் காலத்திலேயே எழுதிவைக்கவும் இச்சட்டம் உரிமை தருகிறது. பராமரிப்பவர்களுக்கு 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணிலும், சென்னை கிண்டியில் 2024-இல் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனையிலும் ஆலோசனை பெற வழியுண்டு.