குழந்தைகளுக்கு மியூசியத்தில் என்ன காட்டுவது?

திருவனந்தபுரம் வாழ் தமிழ்க் குடும்பங்களுக்கு விடுமுறை நாள் என்றால் சங்குமுகம் கடற்கரை, இல்லாவிட்டால் மிருகக்காட்சிசாலை. புலியையும் குரங்கையும் பார்த்தானதும், அதே வளாகத்தில் நிற்கும் நேப்பியர் மியூசியத்துக்குள் நுழையாமலே பலர் பஸ் ஏறிவிடுகிறார்கள். "சின்னப் பிள்ளைகளுக்கு அங்கே என்ன இருக்கிறது?" என்று கேட்பார்கள்.

உள்ளூர இருக்கும் தயக்கம் வேறு. பிள்ளை எதையாவது காட்டி "இது என்னப்பா?" என்று கேட்டால் என்ன சொல்வது? தகப்பனாருக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. பிள்ளைக்கோ அதுதான் பள்ளிக்கூடத்து எழுத்து.

சென்னை கட்டிய சிற்பி

கட்டடத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். 1866 முதல் 1872 வரை சென்னை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபுவின் பெயர் கொண்ட இம்மியூசியம் 1880-இல் கட்டி முடிக்கப்பட்டது. வரைபடம் போட்டவர் சிஷோம். சென்னைக் கடற்கரையிலுள்ள பல்கலைக்கழக செனட் மண்டபமும் அவர் கைவண்ணமே. கேரளத்துச் சரிவுக் கூரையும் வண்ண வண்ணச் சுவர்களும் குழந்தைகளைக் கவரும். இயந்திரம் எதுவும் இல்லாமலே உள்ளே காற்று வரும்படி கட்டியிருக்கிறார்கள். "காற்று எந்த வழியா வருது, கண்டுபிடி பார்ப்போம்" என்று சொன்னால் போதும், வாண்டுகள் தேட ஆரம்பித்துவிடும்.

தோல் பொம்மையும் கம்பனும்

வெண்கலச் சிலைகள், மரச் சிற்பங்கள், தந்த வேலைப்பாடுகள் ஆகியவற்றோடு நிழற்கூத்துக்குரிய தோல் பொம்மைகளும் இங்கு உண்டு. பாலக்காடு வட்டாரத்துப் பகவதி கோயில்களில் இக்கூத்து 21 இரவுகள் வரைகூட நடப்பதுண்டு. காட்டப்படுவது ராமாயணம், பாடப்படுவது கம்பனின் தமிழ்ப் பாட்டுக்கள்!

சாலைக் கடைத்தெருவில் சுமை தூக்கும் நாகர்கோயில் பக்கத்துத் தொழிலாளி ஒருவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பிள்ளைகளோடு அங்கு வந்திருந்தார். மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள் மலையாளப் பலகையை எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"நம்ம ஊர்லயும் இந்தப் பாவைக்கூத்து உண்டு, மக்களே. விளக்கைப் பின்னால வச்சு, வேட்டித் திரையில நிழலாட்டம் காட்டுவாவ" என்று அவர் சொல்லத் தொடங்கினார்.

"அப்பா, நீங்க பாத்திருக்கியளா?" என்று மகள் கேட்க, பையனும் பக்கத்தில் வந்து நின்றுகொண்டான். பலகையை வாசித்தது மகள். கதையைச் சொன்னது தகப்பனார். எழுத்து தெரியாதது அங்கே ஒரு குறையாகவே படவில்லை.

தொட்டுப் பார்க்க

கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதைக் குழந்தைகள் தொட முடியாது. ஐந்து வயதுக் கை சும்மா இருக்குமா? குழந்தைகளுக்கென்றே தனி மியூசியம் 1899-இல் அமெரிக்காவின் புரூக்ளினில் தோன்றியது. தொட்டும் இயக்கியும் கற்கும் முறை பிறகு உலகெங்கும் பரவியது. நம் நகரில் அதற்கு பி.எம்.ஜி. சந்திப்பிலுள்ள விஞ்ஞான, தொழில்நுட்ப மியூசியம் இருக்கிறது. 1984-இல் தொடங்கியது. பக்கத்திலேயே, 1994 முதல், பிரியதர்சினி கோளரங்கம்.

ஆனால் இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிட நினைக்க வேண்டாம். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒரு மணி நேரமே அதிகம். நாலு பொருள் பார்த்தால் போதும். பிறகு தோட்டத்தில் ஓடி விளையாடட்டும். நேப்பியர் மியூசியத்துக்கும் மிருகக்காட்சிசாலைக்கும் திங்கட்கிழமை விடுமுறை என்பதை, வார ஓய்வு மாறி மாறி வருகிற ஷிப்டுத் தொழிலாளர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

வீடு திரும்பியதும் இன்னொரு வேலை உண்டு. ஊரிலிருக்கும் தாத்தாவுக்கோ ஆச்சிக்கோ போன் போட்டு, பார்த்ததையெல்லாம் பிள்ளையையே தமிழில் சொல்லச் சொல்லுங்கள். நடுவில் மலையாள வார்த்தை வந்தால் அதட்ட வேண்டாம். அதற்குத் தமிழில் என்ன பெயர் என்று ஆச்சியே சொல்லிக் கொடுப்பாள்.