கிருமிக்குள் ஓடும் வண்டிகள்!

முதல் உலக யுத்தத்தின்போது வெடிமருந்து செய்ய பிரிட்டனுக்கு அசிட்டோன் அவசரமாகத் தேவைப்பட்டது. மான்செஸ்டரில் இருந்த ரசாயன நிபுணர் ஹைம் வைஸ்மன், மாவுப் பண்டங்களைப் புளிக்க வைத்து அசிட்டோன் தரும் ஒரு கிருமியைக் கண்டுபிடித்தார். 1949-ல் இஸ்ரேலின் முதல் ஜனாதிபதியானவர் இவரே!

அந்தக் கிருமி, சாராய இனத்தைச் சேர்ந்த பியூட்டனாலையும் தந்தது. யுத்தத்துக்குப் பின், பெயின்ட், வார்னிஷ் செய்ய அதற்குக் கிராக்கி உண்டாயிற்று. ஆனால் பெட்ரோலியத்திலிருந்து மலிவாகச் செய்ய வழி பிறந்ததும், கிருமிக்கு வேலை போயிற்று. பெட்ரோலியமோ எடுக்க எடுக்கக் குறையும் பொருள். எனவே விஞ்ஞானிகள் மறுபடியும் கிருமியை நாடினார்கள்.

அரை கிராம்தான்!

வைஸ்மனின் கிருமி காற்றுப் பட்டால் வேலை செய்யாது. நம் குடலில் வாழும் ஈ.கோலி கிருமியோ வேகமாகப் பெருகும், வளர்ப்பதும் சுலபம். லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியா சர்வகலாசாலையில் ஜேம்ஸ் லியாவோ குழுவினர், பியூட்டனால் செய்யும் ஜீன்களை அதற்குள் புகுத்தினார்கள். 2008-ல் கிடைத்தது, லிட்டருக்குச் சுமார் அரை கிராம்தான்!

வேலைக்காரர்கள் வந்துவிட்டார்கள். பிறகு ஏன் ஆலை ஓடவில்லை? வண்டி போதவில்லை!

வண்டி என்பது என்ன?

எல்லா என்ஸைம்களும் தனியாகவே வேலை செய்துவிடுவதில்லை. அவற்றில் பலவற்றுக்குத் துணைப்பொருள் வேண்டும். ஈஸ்ட் சாற்றில் இந்த உண்மையை 1906-ல் ஆர்தர் ஹார்டனும் வில்லியம் யங்கும் கண்டார்கள். அத்தகைய துணைப்பொருள்தான் என்.ஏ.டி. ஹைட்ரஜன் சுமையை ஏற்றிக்கொண்டால் அது என்.ஏ.டி.எச். சுமையை இறக்கிவிட்டால் மீண்டும் காலி வண்டி.

ஒரு பியூட்டனால் மூலக்கூறு செய்ய நான்கு வண்டிச் சுமை வேண்டும். ஒரு குளுகோஸ் மூலக்கூறு உடையும்போது முதலில் ஏறுவதோ இரண்டே வண்டிச் சுமை. அவற்றையும் ஈ.கோலி லாக்டிக் அமிலம், சக்சினிக் அமிலம், ஈதைல் சாராயம் ஆகியவற்றில் இறக்கிவிடுகிறது.

மூன்று பாதைகளுக்கும் பூட்டு!

2011-ல் லியாவோ குழுவினர் அந்த மூன்று பாதைகளையும் அடைத்தார்கள். காற்றில்லாத இடத்தில், காலி வண்டி திரும்பாவிட்டால் சர்க்கரை உடையாது, கிருமி பிழைக்காது. எனவே பியூட்டனால் செய்தே தீரவேண்டிய கட்டாயம்!

மிச்சம் இரண்டு சுமை? காற்றில்லாதபோது கிருமிக்குள் பார்மிக் அமிலம் உண்டாகிறது. எறும்பு கடித்தால் எரிகிறதே, அதே அமிலம்தான்! அதிலுள்ள ஹைட்ரஜன் வாயுவாக வீணாகிக் கொண்டிருந்தது. ஈஸ்ட் இனம் ஒன்றின் என்ஸைமைப் புகுத்தி அதையும் வண்டியில் ஏற்றினார்கள். இரண்டும் இரண்டும் நான்கு, கணக்கு நேராயிற்று! வந்த வழியே திரும்ப விடாத வேறொரு என்ஸைமும் கை கொடுத்தது.

பலன்? லிட்டருக்கு 15 கிராம்! பியூட்டனால் மிகுந்தால் கிருமிக்கே நஞ்சு. ஆகவே உண்டானதை உடனுக்குடன் வெளியே எடுத்தபோது, 30 கிராம் வரை கிடைத்தது.

இதனால் பெட்ரோலிய ஆலைகள் மூடப்பட்டுவிடவில்லை. விலைப் போட்டி இன்னும் பாக்கியிருக்கிறது. ஆனால் ஒரு பாடம் கிடைத்தது. ஆலையில் ஆட்களைப் பெருக்கினால் மட்டும் போதாது. சரக்கு ஏற்ற வண்டியும் வேண்டும். கண்ணுக்குத் தெரியாத கிருமியின் ஆலைக்கும் அதே விதிதான்!