செல்போனில் வரும் நட்பு: பயம் வேண்டாம், விவரம் வேண்டும்



ஒரகடம், சுங்குவார்சத்திரம், இருங்காட்டுக்கோட்டை என்று நம் பகுதிக் கம்பெனிகளுக்கு நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் வேலைக்குப் போகிறார்கள். வெளி மாவட்டத்துப் பெண்கள் நம் வீட்டு மாடியிலேயே வாடகைக்கு இருக்கிறார்கள். ஷிப்ட் முடிந்து அறைக்கு வந்தால் அவர்களுக்குப் பேச்சுத்துணை செல்போன்தான். குழுக் கூட்டத்தில் இந்தப் பேச்சு வந்தாலே, "போனைப் பிடுங்கி வெச்சிட்டா சரியாப் போயிடும் மேடம்" என்று சிலர் சொல்கிறார்கள். அது சரிப்பட்டு வருமா, பார்ப்போம்.

டேட்டிங் ஆப் என்றால் என்ன?

வரன் பார்க்கும் தளம் போன்றதுதான். ஆனால் கல்யாணத்துக்கு மட்டும் என்று இல்லை. புதிய ஆட்களோடு பழகிப் பார்ப்பதற்கு. பெரும்பாலும் இலவசம். பெயர், வயது, போட்டோ, வேலை எல்லாம் அவரவர் போடுவதுதான். அடுத்தவர் போட்டோவை வைத்துக்கொண்டு 'எஞ்சினியர்' என்று எழுதினாலும் பல ஆப்களில் கேட்பார் இல்லை. சில ஆப்கள் நாம் எத்தனை கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறோம் என்றுகூடக் காட்டிவிடும்.

வாட்ஸ்அப் குரூப்பிலும் கவனம் வேண்டும். 'வேலை காலி', 'ரூம் வாடகைக்கு' என்று ஒரு குரூப்பில் சேர்ந்தால், முன்பின் தெரியாத நூறு பேர் கையில் நம் நம்பர் போய்விடுகிறது. அதில் ஒருவர் தனியாக, "சாப்டீங்களா?" என்று ஆரம்பிப்பார்.

பொள்ளாச்சியில் நடந்தது

ஒரு கும்பல் முகநூல் மூலமாகப் பெண்களிடம் நட்பாகப் பழகியது. நம்பிக்கை வந்ததும் தனியாக வரச் சொல்லி, பலாத்காரம் செய்து, அதைப் படம் பிடித்தது. "வெளியில சொன்னா படத்தைப் போட்டுடுவோம்" என்று மிரட்டியே திரும்பத் திரும்பத் துன்புறுத்தியது. பல பெண்கள் வெளியே சொல்லாமல் வைத்திருந்ததால் இது ஆண்டுக்கணக்கில் நடந்தது. 2019 பிப்ரவரியில் ஒரு கல்லூரி மாணவி துணிந்து புகார் கொடுத்த பிறகுதான் வெளிச்சத்துக்கு வந்தது. அப்போது புகார் கொடுத்தவரின் அடையாளத்தை அதிகாரிகள் தரப்பிலேயே வெளியிட்ட கொடுமையும் நடந்தது. அப்படி இருந்தும் பெண்கள் பின்வாங்கவில்லை. சாட்சிகளில் ஒருவர்கூடப் பிறழவில்லை. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. பாதிக்கப்பட்ட பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் ரூபாய் இழப்பீடும் வழங்க உத்தரவிட்டது.

"படிக்காததுங்கதான் ஏமாறும்" என்றும் நினைக்க வேண்டாம். இதே மாதிரி நாகர்கோவிலில் நடந்த குற்றத்தில் 2020-ல் புகார் கொடுத்தவர் ஒரு பெண் மருத்துவர். அந்த ஆளுக்கும் 2023-ல் ஆயுள் தண்டனை கிடைத்தது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? அவன் கையில் உள்ள ஆயுதம் போட்டோ இல்லை. 'வீட்டில் தெரிந்தால் கொன்றுவிடுவார்கள்' என்கிற அவளுடைய பயம்தான். போனைப் பிடுங்கும் வீட்டில் அந்தப் பயம் இன்னும் அதிகமாகும். சொன்னால் திட்டு விழாது என்று தெரிந்த பெண்ணை மிரட்டிப் பணியவைப்பது கஷ்டம்.

பழகும் முன் கவனிக்க வேண்டியவை

1. கம்பெனி அடையாள அட்டை, சீருடை, பஸ் நம்பர், ஹாஸ்டல் பெயர் தெரியும் போட்டோ போட வேண்டாம். எங்கே, எத்தனை மணிக்கு இறங்குகிறீர்கள் என்பதை அது சொல்லிவிடும்.

2. வாட்ஸ்அப் செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குப் போய், முகப்புப் படத்தையும், உங்களைக் குரூப்பில் சேர்க்கும் உரிமையையும் 'நம் தொடர்பில் உள்ளவர்களுக்கு மட்டும்' என்று மாற்றுங்கள். தெரியாவிட்டால் பத்தாவது படிக்கும் பிள்ளையைக் கேளுங்கள்.

3. போனுக்கு வரும் ஆறு இலக்க எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள்.

4. ஆள் உண்மைதானா என்று பார்க்க வீடியோ காலில் பேசுங்கள். அப்போதும் உடம்பைக் காட்டச் சொன்னால் அந்த நிமிடமே துண்டித்துவிடுங்கள்.

5. முதல் சந்திப்பு பகலில், ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் இருக்கட்டும். அவர் வண்டியில் ஏற வேண்டாம். யாரை, எங்கே பார்க்கப் போகிறீர்கள் என்று ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள்.

6. பார்ப்பதற்கு முன்பே பணம் கேட்டால் அது காதல் இல்லை, வியாபாரம். "பார்சல் கஸ்டம்ஸில் மாட்டிக்கிச்சு", "அம்மாவுக்கு ஆபரேஷன்" எல்லாம் பழைய பாட்டு. குழுக் கடன் வாங்கி அனுப்பிவிட்டு நாம் தவணை கட்டிக்கொண்டிருக்க முடியாது.

குரூப்பில் வரும் செய்தி

2021 டிசம்பரில் நம் பகுதி பாக்ஸ்கான் தொழிற்சாலையின் பெண் தொழிலாளர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஹாஸ்டல் சாப்பாட்டால் நோய்வாய்ப்பட்டார்கள். அந்தப் பிரச்சினை உண்மை. ஆனால் சிலர் இறந்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் பரவிய செய்தி உண்மையில்லை. சரியான தகவல் நேரத்துக்குக் கிடைக்காத இடத்தில் வதந்திதான் முந்திக்கொள்ளும். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையே மறிக்கப்பட்டது. ஒரு செய்தியை அனுப்பும் முன், "இதை நேரில் பார்த்தது யார்?" என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் உங்கள் போனோடு அது நிற்கட்டும். ஒரு பெண்ணின் படம் வந்தால் யாருக்கும் அனுப்பவே கூடாது. அனுப்புகிறவரும் குற்றவாளிதான்.

மிரட்டல் வந்துவிட்டால்?

முதலில், பணம் கொடுக்காதீர்கள். ஒரு முறை கொடுத்தால் மறுபடியும் கேட்பான். இரண்டாவது, அவமானமாக இருக்கிறதே என்று எதையும் அழிக்காதீர்கள். அவன் அனுப்பிய செய்தி, நம்பர், பணம் போன விவரம் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்த பிறகுதான் பிளாக் செய்ய வேண்டும். மூன்றாவது, அன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள்.

"நானேதானே அனுப்பினேன், என் மேலயும் தப்பு இருக்கே" என்று பல பெண்கள் தயங்குகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவைப் பாருங்கள். அந்தரங்கப் படம் எடுக்கப் பெண் சம்மதித்திருந்தாலும், அதை அவள் சம்மதம் இல்லாமல் பரப்பினால் குற்றம்தான். பாலியல் வன்கொடுமை வழக்கில் பெண்ணின் பெயரை வெளியிடுவதும் 72-வது பிரிவின்படி குற்றம்.

குறித்துக்கொள்ள வேண்டிய எண்கள்

பணம் பறிபோனால் – 1930. எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தை முடக்க வாய்ப்பு.
பெண்கள் உதவிக்கு – 181
அவசரப் போலீஸ் உதவிக்கு – 112
18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு – 1098
இலவசச் சட்ட உதவிக்கு – 15100. பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது.

எந்தக் காவல் நிலையத்தில் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம். "எங்க எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்ப முடியாது.

குழு என்ன செய்யலாம்?

சேமிப்பு, கடன் வரவு செலவு முடிந்ததும் பத்து நிமிடம் ஒதுக்கி இதை வாசியுங்கள். பொண்ணுங்களையும் மாடியில் குடியிருக்கும் பிள்ளைகளையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். எந்தப் பெண் வந்து சொன்னாலும், "ஏன் பேசினே?" என்று முதலில் கேட்பதில்லை, விஷயத்தைத் தெருவுக்குக் கொண்டுபோவதில்லை, காவல் நிலையத்துக்கு இரண்டு பேர் கூடவே போவது என்று தீர்மான நோட்டில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். யாரிடம் சொல்வது என்று தெரியாமல் தவிக்கிற ஒரு பெண் உங்கள் தெருவிலேயே இருக்கலாம். அவளுக்கு அந்தத் தீர்மானம் தெரிந்திருக்கட்டும்.